எனக்கு ரேஸ் பழக்கம் கிடையாது

சென்ற தீபாவளி விடுமுறைக்கு என் மகள் வயிற்றுப் பேத்தி டோம்பிவிலியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வந்த இரண்டாம் நாள் என்னிடம் வந்து, "தாத்தா, நாளைக்கு எங்க ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறையுது. நீங்க வர்றீங்களா? முதல்ல உங்களுக்கு என்ன ரேஸ் வேணும்னு சொல்லுங்க" என்றாள்.

"அம்மாடி, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மகாலட்சுமி மைதானத்தைக்கூட ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து என் மனைவியே எட்டிப் பார்த்துவிட்டாள்.

அவள் கேட்டது குதிரைப் பந்தயத்தை அல்ல. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு மேஜை விளையாட்டு. அதில் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பாத்திரம் மனிதனா, எல்ஃபா, டுவார்ஃபா என்று தீர்மானிப்பதைத்தான் 'ரேஸ்' என்றாள். அதாவது இனம். ஓய்வு பெற்ற ரயில்வே எஞ்சினியர் ஒருவன் சங்க இதழில் எழுதும் விஷயமா இது என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். அந்த ஒரு கேள்வி என்னை எங்கெங்கோ கொண்டு போய்விட்டது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஆட்டம் எப்படி?

நம் தாயக்கட்டத்தில் காய் இருக்கிறது, கட்டம் இருக்கிறது, பழம் எடுத்தவர் ஜெயித்தவர். இங்கே ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்பவர். 'டன்ஜன் மாஸ்டர்' என்று அவருக்குப் பெயர். "நீங்கள் ஒரு பழைய சுரங்கத்தின் வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே இருட்டு. என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் அவரவர் பாத்திரமாக இருந்து பதில் சொல்ல வேண்டும். பாறையைத் தூக்க முடிந்ததா, பூட்டு திறந்ததா என்பதை இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள். உடல் வலு, லாகவம், தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், பிறரைக் கவரும் ஆற்றல். இவற்றுக்கு எண்கள் உண்டு. மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகையைத் திறனாக எழுதிக்கொள்வது ஆரம்ப கால வழக்கம். அதன் சராசரி பத்தரை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

எல்ஃப் எங்கிருந்து வந்தது?

இந்த விளையாட்டு 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். பிறகு வீட்டில் செருப்புத் தைத்தும் பிழைத்தவர். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள்தாம்.

அந்தப் புத்தகங்களிலேயே மனிதரல்லாத இனங்கள் இருந்தன. எல்ஃப் என்பது காட்டோடு ஒட்டி வாழும், நீண்ட ஆயுள் கொண்ட, கூர்ங்காது இனம். டுவார்ஃப் மலைக்குள் சுரங்கம் வெட்டி வாழும், குட்டையான, தாடி வைத்த இனம். மூன்றாவது ஹாபிட். இந்தப் பெயரைக் கேட்டதும் சிலருக்கு விளங்கியிருக்கும். இங்கிலாந்துப் பேராசிரியர் டோல்கியன் 1937-லும் 1954-55-லும் வெளியிட்ட நாவல்களில் வரும் இனம் அது. அந்நாவல்களின் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபம் தெரிவித்ததால், சில ஆண்டுகளில் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆயிற்று. ஆள் அதேதான், பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

என் மனம் டுவார்ஃப் மேல் போனதற்குக் காரணம் உண்டு. 1978-ல் வந்த விதிப்புத்தகத்தின்படி, பூமிக்கடியில் நடக்கும்போது பாதை மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்பதை டுவார்ஃப் நூற்றுக்கு எழுபத்தைந்து வாய்ப்பில் கண்டுபிடித்துவிடுவான். புதிதாகக் கட்டிய சுரங்கத்தையும் அப்படியே. கல் வேலையில் மறைந்திருக்கும் பொறியை ஐம்பது சத வாய்ப்பில் கண்டுகொள்வான். கர்ஜத்திலிருந்து லோனாவ்லா வரை 37-க்கு 1 என்ற ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் இருந்து எஞ்சின் தள்ளும் காட் பகுதியில் பல வருஷம் தண்டவாளம் பார்த்தவன் நான். "இது என் ஆள்" என்று தோன்றாமல் இருக்குமா?

எதற்காக இந்த இனங்கள்?

இதை ஒரு வடிவமைப்பாளரின் கண்ணால் பார்க்க வேண்டும். பாலமானாலும் விளையாட்டானாலும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். இனம் என்ற உறுப்புக்கு நான்கு வேலைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலாவது, புதிதாக வருபவனுக்குக் கைப்பிடி. "உன் பாத்திரத்தைப் பற்றிச் சொல்" என்றால் எவனும் திகைப்பான். "நீ ஒரு டுவார்ஃப்" என்றால் தாடியும் கோடரியும் பிடிவாதமும் உடனே மனதில் வந்துவிடும். பேத்தியின் கூட்டத்தில் ஒரு பையன், வீட்டுக்கு வந்தால் 'நமஸ்தே' கூடக் காதில் விழாமல் சொல்பவன், டுவார்ஃப் ஆனதும் என் மேஜையைத் தட்டி வழக்காடினான். வேஷம் கட்டியவனுக்குக் குரல் வந்துவிடுகிறது. நம் கூத்துக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. 1978 விதிப்படி எல்ஃபும் டுவார்ஃபும் இருட்டில் அறுபது அடி பார்ப்பார்கள். பாதைகள் கண்ணுக்குத் தெரியாமல் சரிந்து, வரைபடம் போடுபவரை ஏமாற்றி, ஆபத்தான கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடும். அந்த ஆட்டத்தில் சரிவை உணரும் டுவார்ஃப் கூட்டத்துக்கே காவல். எங்கள் கேங்கில் மேட், கீமேன் என்று ஆளுக்கொரு வேலை இருப்பதைப் போல.

மூன்றாவது, கற்பனை உலகுக்கு ஒரு வரைபடம். எங்கே யார் வசிக்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதை இனங்களே சொல்லிவிடுகின்றன.

நான்காவது, மனிதனுக்கு ஒரு அளவுகோல். இருட்டில் பார்க்க முடியாத, நூறு வயதுகூட வாழாத மனிதனை யார் தேர்ந்தெடுப்பார்கள்? இதுதான் வடிவமைப்பாளருக்கு வந்த பெரிய தலைவலி. கைகாக்ஸ் மனிதனே மையமாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர். 1974 விதிப்படி மனிதன் எத்தனை படி வேண்டுமானாலும் ஏறலாம். டுவார்ஃப் போர்வீரன் ஆறாம் படியோடு நின்றுவிட வேண்டும். ஹாபிட் நான்காம் படியோடு சரி. எல்ஃப் போர்வீரனாக நான்கு, மந்திரவாதியாக எட்டு. எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் அதற்கு மேல் ஏற்றமில்லை. டிப்ளமோ படித்து வேலைக்கு வந்த எனக்கு இப்படிப்பட்ட அட்டவணைகளைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை!

1981-ல் வந்த எளிய பதிப்பில் இன்னும் ஒரு படி போனார்கள். மனிதன் போர்வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி என்று தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம். எல்ஃபுக்கு எல்ஃபாக இருப்பதே தொழில். பிறப்பே தொழில் என்ற ஏற்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படி வரம்பு 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அடியோடு நீங்கியது. மனிதனைப் பிடித்து நிறுத்த மற்றவர்களை மட்டம் தட்டுவதற்குப் பதில், மனிதனுக்குக் கூடுதலாக ஒரு தனித்திறமையும் சில பயிற்சிகளும் கொடுத்தார்கள். நல்ல எஞ்சினியரிங் என்பேன்.

கோளாறு எங்கே?

ஆனால் அதே 2000 பதிப்பில் 'அரை ஓர்க்' என்று ஓர் இனம். ஓர்க் என்பது டோல்கியன் கதையில் வில்லன் படையாக வரும் முரட்டு இனம். மனிதனும் ஓர்க்கும் கலந்தது அரை ஓர்க். அதற்கு உடல் வலுவில் 2 கூட. அறிவில் 2 குறைவு. பிறரைக் கவரும் ஆற்றலிலும் 2 குறைவு. 2016-ல் வந்த ஒரு துணைப்புத்தகத்தில் முழு ஓர்க்குக்கும் அறிவில் 2 குறைத்தே போட்டிருந்தார்கள்.

இந்த இரண்டின் பெறுமதி என்ன? திறனில் இரண்டு குறைந்தால் பகடையில் ஒன்று குறையும். இருபது முகத்தில் ஒன்று, அதாவது நூற்றுக்கு ஐந்து. சின்ன எண்தான். ஆனால் மேஜையில் அது என்ன செய்கிறது? மந்திரவாதிக்கு அறிவு வேண்டும். ஓர்க்குக்கு அறிவு குறைவு என்று அச்சில் போட்டாயிற்று. எந்தப் பிள்ளை ஓர்க் மந்திரவாதியை எடுக்கும்? எல்லோரும் ஓர்க்கின் கையில் கோடரியையே கொடுப்பார்கள். பிறகு, "பார்த்தாயா, ஓர்க் என்றாலே கோடரிதான்" என்பார்கள். ஐந்து சத வித்தியாசம் நடைமுறையில் நூறு சதம் ஆகிவிடுகிறது.

இன்னொரு கோளாறு தர்மம் சம்பந்தப்பட்டது. ஓர் இனம் முழுவதும் பிறவியிலேயே தீயது என்று எழுதிவிட்டால், அதைக் கொல்வதற்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. விளையாட்டு வேகமாக நகரும். வடிவமைப்பாளருக்கு அது வசதி. ஆனால் அந்த வசதிக்கு என்ன விலை என்று விளையாடுபவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

வேறு விளையாட்டுக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டில் டிரால் என்னும் பூத இனத்துக்குத் தெய்வமும் சாப்பாடும் சரித்திரமும் உண்டு. அதற்காகவே 1982-ல் தனித் தொகுதி போட்டார்கள். 1989-ல் வந்த 'ஷேடோரன்' விளையாட்டில் ஓர்க்கும் டிராலும் சாதாரண மனிதக் குடும்பங்களில் பிறக்கிறார்கள். அவர்களைச் சமூகம் எப்படி நடத்துகிறது என்பதே கதையில் ஒரு பகுதி. 1981-ல் வந்த 'கால் ஆஃப் கதுலு'வில் எல்லோரும் மனிதர்கள். அதுவும் நன்றாகவே ஓடுகிறது. ஆக, பிறப்பால் கூட்டிக் குறைக்கும் எண் இல்லாமல் இப்படி ஒரு விளையாட்டே அமையாது என்று சொல்வதற்கில்லை.

என் கணக்கில் ஒரு பிழை

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் புத்தக ஞானம்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தபோது எல்லோருக்கும் நான் 'மதராஸி'. மதராஸி என்றால் கணக்கு வரும், ஆங்கிலம் வரும், சத்தம் போடமாட்டான், வாடகை ஒழுங்காகக் கொடுப்பான். எனக்குக் கணக்கு சுமார்தான். ஆனாலும் அளவுப் புத்தகங்களை என்னிடமே கொடுத்தார்கள். வீடும் சுலபமாகக் கிடைத்தது. பேத்தியின் பாஷையில் சொன்னால், அறிவில் எனக்கு இரண்டு கூட. அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் திறமைக்குக் கிடைத்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

கூட்டல் வாங்கிக்கொண்டவன் கழித்தலும் எழுதுவான் போலிருக்கிறது. என் கேங்கில் ஒருவர் இருந்தார். நல்ல ஆகிருதி. ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து வந்தவர். அந்தப் பகுதிக்காரர்கள் என்றால் தூக்குவதற்கும் சுமப்பதற்கும்தான் என்று ஒரு பேச்சு உண்டு. ஆறு வருஷம் அவரை ஸ்லீப்பர் தூக்கவும் ஜல்லி வாரவும்தான் விட்டேன். கேஜும் லெவலும் பிடித்து அளவு எழுதும் வேலையை ஒருநாள்கூட அவரிடம் கொடுத்ததில்லை. யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. நானே போட்டுக்கொண்ட அட்டவணை அது.

ஒரு ஆடி மாத மழையில், வழக்கமாக ரோந்து போகும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட, வேறு வழியில்லாமல் இவரை அனுப்பினேன். விடியற்காலை நனைந்து வந்து நின்றார். ஒரு மலைச்சரிவின் தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் இருக்கும். "மழை கொட்டுகிறது, ஆனால் நடுவிலுள்ள ஐந்து துளைகளில் சொட்டு நீர் வரவில்லை சாகேப். முந்தாநாள்கூட வந்தது" என்றார். எப்படித் தெரியும் என்றேன். பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய ஒரு சிறு நோட்டை எடுத்தார். அந்த இடத்தில் வேலை செய்த நாட்களிலெல்லாம் எந்தத் துளையில் எவ்வளவு நீர் வந்தது என்று தன் மொழியில், தேதி போட்டு, மூன்று மழைக்காலமாக எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்காமல்.

மழை பெய்யும்போது துளை வறண்டால் என்ன அர்த்தம் என்பது எஞ்சினியருக்குத் தெரியும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, சுவரைத் தள்ளுகிறது. வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தோம். சுவர் இரண்டு விரல் அளவுக்குப் பிதுங்கியிருந்தது. துளைகளில் சேறு அடைத்திருந்தது. அன்று முழுக்கச் சுத்தம் செய்தோம். வேறு விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த மாதமே அவரை ரோந்துக்கும் பிறகு கீமேன் வேலைக்கும் மாற்றினேன். "ஏன் சாகேப் இத்தனை நாள் அளவு வேலை கொடுக்கவில்லை?" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லிக் கடனை அடைத்திருப்பேன். அந்த ஆறு வருஷத்தில் எத்தனை துளைகளை நான் தவறவிட்டேனோ, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெயர் மாறியது, கணக்கும் மாறியது

திரும்ப விளையாட்டுக்கு வருவோம். 2020-ல் அந்த ஓர்க்கின் அறிவுக் குறைப்பை நீக்கினார்கள். அதே ஆண்டு வந்த ஒரு துணைப்புத்தகம், இனத்தால் வரும் கூடுதல் எண்களை விளையாடுபவர் தன் விருப்பப்படி எந்தத் திறனுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்றது. 2022 டிசம்பரில், 'ரேஸ்' என்ற சொல்லையே விட்டு, உயிரினங்களுக்குச் சொல்லும் 'ஸ்பீசீஸ்' என்ற சொல்லுக்கு மாறப்போவதாக அறிவித்தார்கள். இதற்கு முன்பே, 2019-ல், 'பாத்ஃபைண்டர்' என்னும் போட்டி விளையாட்டு 'மூதாதையர் வழி' என்று பொருள்படும் சொல்லுக்கு மாறியிருந்தது.

2024-ல், விளையாட்டின் ஐம்பதாவது ஆண்டில், புதிய விதிப்புத்தகம் வந்தது. அதில் பத்து இனங்கள். ஓர்க்கும் அவற்றில் ஒன்று. இருட்டில் பார்ப்பது, விஷத்தைத் தாங்குவது போன்ற இயல்புகள் இனத்தோடு இருக்கின்றன. ஆனால் அறிவு, வலு முதலான திறன் எண்களின் கூடுதல் இப்போது பிறப்பிலிருந்து வருவதில்லை. முன்பு என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதிலிருந்து வருகிறது. உழவரா, மாலுமியா, கைவினைஞரா, எழுத்தரா என்று பதினாறு பின்னணிகள்.

எல்லோருக்கும் இது பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். என் பேத்தியே ஒரு விஷயத்தில் கோபமாக இருந்தாள். அவள் கையில் இருந்தது 2014 பதிப்பு. அதில் 'அரை எல்ஃப்' அவளுக்குப் பிடித்த பாத்திரம். தோழி வாங்கிய 2024 புத்தகத்தில் அரை எல்ஃபும் அரை ஓர்க்கும் தனி இனங்களாக இல்லை. "அரைன்னு சொல்றது மரியாதையில்லைன்னு எடுத்தாங்களாம் தாத்தா. எனக்கு அது மரியாதைக் குறைவா தோணலை. அப்பா மராட்டி, அம்மா தமிழ். எனக்கு ஒரு ஆள் இருந்தா, அவளையும் எடுத்துட்டாங்க" என்றாள். பழைய பாத்திரத்தைப் புது ஆட்டத்திலும் ஆடலாம் என்று தோழி சமாதானம் சொன்னாள்.

நான் பேசாமல் இருந்தேன். இவள் பிறந்த புதிதில், "குழந்தை பாதிதானே நம்மவள்" என்று ஒருவர் சொன்னபோது சிரித்துக்கொண்டே தலையாட்டியவன் நான். என் மகள் அதைப் பார்த்தாள். அதற்குப் பின் ஒரு வருஷம் அவள் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. பேத்திக்கு அது தெரியாது. இந்தக் கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

என் பாத்திரம்

மறுநாள் நானும் மேஜையில் உட்கார்ந்தேன். டுவார்ஃப் எடுக்கப் போகிறேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான் புதுப் புத்தகத்தைப் புரட்டி 'கோலயத்' என்ற இனத்தைக் கேட்டேன். ராட்சதர் வழிவந்த, ஏழெட்டு அடி உயர ஆட்கள். பின்னணிக்கு 'எழுத்தர்' என்று போடச் சொன்னேன். அந்தப் பின்னணிக்குக் கூர்ந்து கவனிப்பதிலும் துப்புத் துலக்குவதிலும் பயிற்சி உண்டு.

"தாத்தா, இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டுக் கணக்குப்பிள்ளையா? கோடரி வேண்டாமா?" என்றான் அந்தக் கூச்சக்காரப் பையன்.

"ஒரு சின்ன நோட்டு போதும்" என்றேன். "பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றியது."

வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த விளையாட்டை விளையாடினால், பேய், பூதம் என்று திட்டாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செலவு அதிகமில்லை, மின்சாரம் வேண்டாம், நான்கு பேர் நேருக்கு நேர் பேசுகிறார்கள். நம் சங்க நூலக அறையில் மாதம் ஒரு மாலை இதற்கு இடம் தரலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். ரேஸ் பழக்கம் இல்லாவிட்டாலும் பகடை பழகிவிட்டது.